கைத்தாங்கல்

"அசையாம நில்லு ராசா" என்று சொல்லிக்கொண்டே டெல்ஃபினா அக்கா அந்த இளைஞனின் முதுகில் ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்க்கிறார். அவன் அலறித் துள்ளுகிறான். அடுத்தது அவன் தொப்பி. குழாயடியில் முக்கி, பிழியாமல் அப்படியே தலையில் அழுத்திவிடுகிறார். "காய்ஞ்சதும் மறுபடி நனைச்சுக்க. வெக்கப்படாத, இங்க யாரும் உன்ன மாப்பிள்ளை பாக்க வரல."

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கீழே இறங்கும் பாதையில் முதல் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம்தான் அவருடைய ராஜ்யம். நானும் அங்கே தொண்டுக்கு நிற்பவன். ஜூன் மாதத்தில்கூட மேலே விளிம்பில் காற்று சுகமாக இருக்கும். இறங்க இறங்கச் சூடு ஏறும். ஆற்றங்கரையில் நூற்றுப் பதினைந்து டிகிரி ஃபாரன்ஹீட். இறங்குவது சுலபம் என்பதுதான் இந்த இடத்தின் சூது. மூச்சு வாங்குவதெல்லாம் திரும்பும்போதுதான். யாரையும் தடுக்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது, பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான். எனக்குப் பேச வராது, கத்தத்தான் வரும். அக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் காய்கறியே தொடாத பிள்ளைகளைத் தின்னவைத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"போகாதே" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "காலைல என்ன சாப்பிட்ட?" என்றுதான் தொடங்குவார். பதில் வருவதற்குள் பையிலிருந்து ஜாடி வெளியே வந்துவிடும். வெள்ளரிக்காய் ஊறிய உப்புத் தண்ணீர். மூக்கைச் சுளித்தால் விடமாட்டார். "வெறும் தண்ணியவே குடிச்சுக்கிட்டுப் போனாலும் ஆள் சாஞ்சிடுவான், தெரியுமா? உப்பும் உள்ள போவணும். மருந்துன்னு நெனச்சு முழுங்கு."

கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் உடனே உஷாராகிவிடுவார். வெயில் முதலில் நாக்கில்தான் ஏறும் என்பது அவர் கட்சி. இருவரையும் நிழலுக்கு இழுத்துப்போய், கழுத்தில் ஈரத்துணி சுற்றி, கையில் உப்புக்கடலையைத் திணிப்பார். பலர் சற்று நேரத்தில் சமாதானமாகி மேலே ஏறிவிடுவார்கள். நனைந்த பிறகும் அடித்துக்கொள்ளும் ஜோடிகளும் உண்டு. "இதுங்களுக்கு வெயில் காரணமில்லடா" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

சென்ற ஆண்டு ரஸ்ஸல் என்று ஒரு மினசோட்டா மாநிலத்துக்காரர் வந்தார். ஆறு வரை இறங்கி அன்றே திரும்புவதாகத் திட்டம். அவர் மனைவி மார்லீன் முட்டிவலியால் மேலேயே தங்கிவிட்டவர். காலையில் விளிம்பு வழியாக வந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு வருவாரும்மா. இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறவரு. நான் வேணாம்னா வேணும்னே போவாரு. எப்படியாவது திருப்பி அனுப்பிடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார்.

சிவப்புச் சட்டை குழாயடிக்கு வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. சட்டை முழுக்க உப்புப் பூத்திருந்தது. நான்தான் முந்திக்கொண்டேன். "சார், பைத்தியமா உங்களுக்கு? இதுக்கு மேல எறங்குனீங்கன்னா ஹெலிகாப்டர்லதான் ஏத்தணும்!" மனிதர் முறுக்கிக்கொண்டார். "பனியில மரம் வெட்டி வளந்த உடம்பு தம்பி இது. உன் வேலையப் பாரு." அக்கா நீட்டிய ஜாடியை ஒதுக்கினார், ஈரத்தொப்பியை வேண்டாம் என்றார், விறுவிறுவென்று கீழ் வளைவில் இறங்கத் தொடங்கிவிட்டார். மார்லீன் முகத்தில் எப்படி விழிப்பது?

"அய்யோ அம்மா!" திரும்பினால், டெல்ஃபினா அக்கா கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் சரிந்திருக்கிறார். பதறி ஓடினேன். அக்காவின் முழங்கையால் என் விலாவில் ஓர் இடி விழுந்தது. ஒதுங்கி நின்றேன்.

"அண்ணே! சிவப்புச் சட்டை அண்ணே! கால் பெரண்டுடுச்சு. இந்த ஒல்லிப்பிச்சான் என்னைத் தாங்கமாட்டான். மேல வரைக்கும் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?"

ரஸ்ஸல் நின்றார். ஆற்றுப் பக்கம் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா?" என்று அலுத்துக்கொண்டே ஏறி வந்து கையைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "எனக்கு மட்டும் ஈரத்துணி போட்டா ஒரு மாதிரியா இருக்கு, நீங்களும் போட்டுக்குங்க." போட்டுக்கொண்டார். "தனியாக் குடிக்க எறங்கமாட்டேங்குது, நீங்க ஒரு வாய், நான் ஒரு வாய்." குடித்தார். நிழல் கண்ட இடமெல்லாம் "மூச்சு முட்டுதுண்ணே" என்று அக்கா உட்கார்ந்தார். மூச்சு முட்டியது யாருக்கு என்று எனக்குத் தெரியும். பாதி வழியில் ரஸ்ஸலின் கால் இடறியது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். உதவிக்கு அழைக்கவேண்டி வருமோ என்று நான் ரேடியோவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா அவரை நிழலில் உட்காரவைத்து, "என்னால உங்களுக்கும் கஷ்டம்" என்றபடி என் பையிலிருந்த தண்ணீர் முழுவதையும் அவர் தலையில் ஊற்றினார். வெகுநேரம் கழித்து அவர் எழுந்து, "வாங்கம்மா, மெதுவாப் போவோம்" என்று கையை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே மார்லீன் ஓடி வந்தார், முட்டிவலியை மறந்து. "இந்தம்மாவ நான்தான் கூட்டிட்டு வந்தேன். இல்லன்னா இந்நேரம் ஆத்துல கால் நனைச்சிருப்பேன்" என்றார் ரஸ்ஸல். "ஒரு படம் எடு."

நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நிற்கமுடியாதவர்போல அக்கா அவர் தோளில் சாய்ந்து, மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மார்லீன் படம் எடுத்தார். ரஸ்ஸல் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். அக்கா விடவில்லை. அப்போதுதான் நான் கவனித்தேன்: அக்காவின் இரண்டு விரல்கள் அவர் நாடியின்மேல் பதிந்திருந்தன, உதடுகள் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தன.

"இன்னொண்ணு எடுக்கட்டும் அண்ணே" என்றார், விரலை எடுக்காமலே.