நல்லுசாமி நெஞ்சும் மலர்கொடி நோட்டும்

இது நடந்த கதை. ஒரு சொல்லு பொய் கிடையாது. சரி, மொறைக்காதீங்க, அங்கங்க கொஞ்சம் இழுத்துக்குவேன். கூடை வெங்காயத்த வண்டி வெங்காயம்னு சொன்னாத்தான நம்மூருல காது குடுப்பீங்க. ஆனா நல்லுசாமி நெஞ்சு அடிச்சது மட்டும் நெசம். இந்தா, நம்ம கூட உக்காந்து வெங்காயத் தாள் அறுக்குறானே, அவனேதான். கைய நிறுத்தாம கேளுங்க.

போன வருசம் இதே மாதிரி குவியல் முன்னாடி கத்தியும் கையுமா உக்காந்தான். நெஞ்சு படபடபடன்னு அடிக்குது. கதிரடிக்கிற மெஷின முழுங்கினவனாட்டம். சட்டைப் பித்தான் ரெண்டு தெறிச்சு எதுத்த வூட்டுக் கோழி மேல விழுந்துச்சுன்னா பாத்துக்குங்க. அஞ்சே நிமிசம், தானா நின்னுபோச்சு.

அதுலேருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை. பெரம்பலூரு போயி ஈசிஜி எடுத்தான், நார்மல். ரத்தம் குடுத்தான், நார்மல். எக்கோவும் நார்மல். ஆஸ்பத்திரிப் படிய மிதிச்சாப் போதும், அவன் நெஞ்சு கையக் கட்டிக்கிட்டு நிக்கும்.

"வேலையக் கண்டா அடிக்குது, டாக்டரக் கண்டா படுக்குது. உங்க நெஞ்சு உங்கள விட வெவரம்"னா பொண்டாட்டி மலர்கொடி.

ஊரு சிரிச்சது அவனுக்குப் பெருசில்ல. கட்டினவ நம்பலையே. நாளைக்கு நெசமாவே பொட்டுன்னு போனாக்கூட, 'நடிச்சது போதும், எந்திரிங்க'ன்னு பொணத்த உலுக்குவாளேன்னு பயம்.

கடைசியா டாக்டரம்மா ஒரு மெஷின மாட்டி வுட்டுச்சு. நெஞ்செல்லாம் ஒயரு, இடுப்புல டப்பா. "ஒரு நா முழுக்க இருக்கட்டும். படபடப்பு வந்தா மணியோட எழுதி வைங்க." நல்லுசாமிக்குக் கையெழுத்துக்கு மேல எழுத்து வராது. நோட்டு மலர்கொடி கைக்குப் போச்சு.

அன்னைக்குப் பாத்து நெஞ்சு அடிக்க மாட்டேங்குது. குவியல் முன்னாடி காலையிலேருந்து உக்காந்தான். ரெண்டு மூட்டை அறுத்ததுதான் மிச்சம். சகலை சாமிதுரைக்கு மனசு கேக்கல. "சகல, சோளக்காட்டுல பன்னி பூந்துருச்சு"ன்னு ஒரு பொய்ய வுட்டான். நல்லுசாமி ஒயரு பறக்க ஓடின வேகத்துல, பச்சமலையே கொஞ்சம் நகந்து வழி வுட்டுச்சு.

மலர்கொடி எழுதுனா: "11.40. பன்னி இல்ல. சும்மா ஓடினாரு." அப்புறம்: "12.30. மூணாவது தடவை சோறு வாங்குனாரு. 1.15. தூங்குறாரு. கொறட்டை நார்மல்."

மறுநா டாக்டரம்மா நோட்டப் படிச்சு அஞ்சு நிமிசம் சிரிச்சுச்சு. "மெஷின்ல ஒண்ணும் மாட்டல. அதுக்காக இவரு பொய் சொல்றாருன்னு அர்த்தமில்லம்மா. சில பேருக்கு இப்படி வரும், போவும். டீயக் கொறைங்க. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தா மட்டும் ஒடனே வந்துருங்க."

ஒரு நாளைக்குப் பதினாலு டீ குடிக்கிறவன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்.

வேப்பந்தட்டை பஸ்ஸுல திரும்புறாங்க. வழியில பஸ்ஸ நிறுத்திட்டு டிரைவரு டீ குடிக்க எறங்கிப் போயிட்டாரு. அப்பதான் இவன் நெஞ்சு படபடன்னு ஆரம்பிக்குது. மெஷினக் கழட்டி ஒரு மணி நேரம்தான் ஆவுது. வாயத் தொறக்கல பய. சொன்னா யாரு நம்பப் போறா? மூஞ்சி மட்டும் வேர்த்து ஊத்துது.

மலர்கொடி பாத்தா. அவன் சட்டை மேல கைய வச்சா. கல்யாணமாயி இருவது வருசத்துல நாலு பேரு பாக்க அவ அவனத் தொட்டதில்ல. வச்ச கைய எடுக்கவே இல்ல.

"ஆமாங்க, கன்னுக்குட்டி முட்டுறாப்புல முட்டுது"ன்னா. அடங்குற வரைக்கும் இருந்துட்டு, நோட்டத் தொறந்து எழுதுனா: "4.20. நெசம்."

"பஸ்ஸு குலுங்கியிருக்கும்"கிறான் இங்க உக்காந்திருக்குற சாமிதுரை.

"டிரைவருதான் எறங்கிட்டாருல்ல?"ன்னு அவன் பொண்டாட்டி வளர்மதி திரும்புறா. இவ மலர்கொடிக்குத் தங்கச்சி.

"இஞ்சின ஆஃப் பண்ணானாக் கேளு."

"பன்னி வந்துச்சுன்னு புளுகுன வாயி, எங்கக்கா கையச் சந்தேகப்படுதா?"

"உங்கக்கா கை என்ன ஈசிஜியா?"

வளர்மதி வுட்டெறிஞ்ச வெங்காயம் சாமிதுரை நெத்தியில பட்டுத் தெறிக்குது. அவன் ஒரு கை அள்ளுறான்.

"மலரு, இப்பவும் அடிக்குது"ங்கிறான் நல்லுசாமி, பக்கத்துல தாள் அறுக்குற பொண்டாட்டிகிட்ட மெதுவா.

சண்டைய வுட்டுட்டு அத்தினி பேரும் அவன் நெஞ்சுக்குக் கைய நீட்டுறாங்க. நான் மொதல்ல, நீ மொதல்லன்னு ஒரே தள்ளுமுள்ளு.

"ஒருத்தரும் தொடப்படாது"ன்னு மலர்கொடி அறுக்குற கத்தியோட எந்திரிக்கிறா.