முதல் வாய் உண்ட யோகம் மிஸ்ஸி

யோகம் மிஸ்ஸி காலமான செய்தி வந்தபோது நான் நாவற்குடாவில் என் பலசரக்குக் கடை வாசலில் முருங்கையிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அவரின் தங்கை சரசு தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணன், அக்கா போயிட்டா. தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தவ, அப்படியே சரிஞ்சிட்டா."

பென்சன் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் கடையைப் பூட்டினேன். பூட்டினேனா என்று மறந்துபோய்ப் பாதி வழியில் திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தேன்.

அந்த முருங்கையிலைக் கட்டுகளை என் கடை வாசலில் வைக்கச் செய்தவர் அவர்தான். அதற்கு முன் எத்தனையோ வருடங்கள் என் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவரும் அவர்தான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யோகேஸ்வரி அவர்கள் எங்கள் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. கர்ப்பிணித் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவரது வேலை. தாதிமாரையும் மருத்துவமாதரையும் மிஸ்ஸி என்றே அழைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். ஒடிசலான உடம்பு, ஒரு பழைய சைக்கிள், அதன் கைப்பிடியில் தொங்கும் துணிப்பை, இவ்வளவுதான் அவர். ஆனால் அந்த சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் அன்றைய வியாபாரம் போச்சு என்று நினைப்பேன்.

முதல் சண்டை நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருவர் என்னிடம் சத்துமா டின் ஒன்று வாங்கிப் பையில் வைத்திருந்தார். மிஸ்ஸி உள்ளே வந்து, பைக்குள் கையை விட்டு, டின்னை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"முதலாளி, இதக் குடிச்சாப் புள்ள புத்தியோட பொறக்குமெண்டு டின்னில எழுதியிரிக்கி. உங்கட அம்மா குடிச்சவவா?"

"இல்ல மிஸ்ஸி."

"பொறகென்ன? கடை நடத்துற அளவுக்கு உங்களுக்குப் புத்தி இரிக்கிதானே!"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் காசுக்கு என்னென்ன வாங்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு அங்கேயே பாடம் நடந்தது. சந்தைக்குப் பத்து மணிக்கு மேல் போனால் மரக்கறி விலை இறங்கும். கோணல் கத்தரிக்காய் மலிவு, ருசி ஒன்றுதான். மீனைக் கடையில் வாங்காமல் வாவிக்கரையில் தோணி வந்ததும் வாங்கு. கடைசியாக, அவர் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வது: "கடைக்கு வெளிக்கிட முன்ன ஒருக்கா வீட்டு வேலியச் சுத்தி வா. முருங்கை நிக்கும், பொன்னாங்காணி நிக்கும், கொவ்வை படர்ந்திரிக்கும். அதுக்குப் பொறகும் என்ன வேணுமெண்டு பாரு."

ஊரே வேலியைச் சுற்றிவிட்டு வந்தால் நான் எதை விற்பது? மனதுக்குள் அவரைத் திட்டாத நாளில்லை.

பிறகு கடல் வந்தது.

சுனாமி வந்த அன்று பூரணை. மிஸ்ஸி வீட்டில் விரதச் சமையல். ஆனால் அவர் பார்த்துவந்த ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்து பால் சுரக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா ஆக்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். கரைவலை இழுக்கும் இடத்தில் துடிக்கத் துடிக்க வாங்கலாம், விலையும் பாதி என்று மிஸ்ஸி தன் கணவரைக் கல்லடிக் கடற்கரைக்கு அனுப்பியிருந்தார். அவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மூன்றாவது வாரம் சைக்கிள் மணி கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதது அன்றுதான்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாரும் மீன் தின்னவில்லை. கடல் கொண்டுபோன நம் ஆட்களை மீன்கள் தின்றிருக்கும் என்ற எண்ணம். வாவியும் கடலோடு கலப்பதுதானே என்று வாவி மீனையும் தொடவில்லை. தோணிக்காரர்கள் பிடித்ததை விற்க முடியாமல் திரும்பக் கொட்டினார்கள். என் கடையில் டின் மீன் அடுக்கி வைக்க நேரமில்லாமல் விற்றது. அதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி தவமணி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஒன்பது வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிக் கிடைத்த பிள்ளை. அவளுடைய அண்ணனையும் கடல் கொண்டுபோயிருந்தது. சோறும் பருப்பும் இரண்டு வாய், அதோடு சரி. இரும்புச்சத்துக் குளிசை போட்டால் வாந்தி. மிஸ்ஸி அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "ரத்தம் காணாது. இப்படியே விட்டா ரெண்டு உசிரும் தங்காது, முதலாளி."

நான் டின் மீன் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னேன். அவர் ஒரு டின்னை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த நாட்டு மீன்?"

சொன்னேன்.

"அங்கயும் கடல் வந்ததுதானே?"

நான் டின்னை வாங்கித் தட்டில் திருப்பி வைத்தேன்.

மறுநாள் துணிப்பையில் கூனி கொண்டுவந்தார். கூனி என்பது வாவியில் அள்ளும் பொடி இறால். ஏழைகளின் கறி. எங்கள் வேலியில் முருங்கையிலை ஒடித்து, தேங்காய்ப்பூப் போட்டு, கூனியோடு சுண்டினார். தவமணி முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். மிஸ்ஸி அவள் பக்கத்தில் நிலத்தில் சம்மணமிட்டு அமர்ந்து, சோற்றில் பிசைந்து, முதல் வாயைத் தானே உண்டார். வெகுநேரம் மென்றார்.

"உப்புக் காணாது," என்றார் என்னைப் பார்த்து. நான் ஓடிப்போய் உப்பு எடுத்துவந்தேன்.

தவமணி திரும்பிப் பார்த்தாள். "மிஸ்ஸி, உங்களுக்கு எப்படி மனம் வருது?"

அவர் இரண்டாவது வாயும் உண்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "பசிக்கிது புள்ள. உனக்குள்ள இரிக்கிற ஆளுக்கும் பசிக்கும்."

தவமணி எழுந்து உட்கார்ந்தாள். அழுதுகொண்டே தின்றாள். மிஸ்ஸி ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். உறைப்புக் கூடிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து எங்களோடு உண்டார். எங்கள் வீட்டில் மட்டுமா? பிள்ளைத்தாய்ச்சி இருந்த வீடெல்லாம் அதே கதை. மிஸ்ஸியே தின்கிறா, அதுவும் ருசிச்சுத் தின்கிறா என்று பேச்சுப் பரவிற்று. மெல்ல மெல்ல வாவிக்கரையில் மீன் விற்கத் தொடங்கியது. எங்கள் மகள் குறையொன்றும் இல்லாமல் பிறந்தாள். இந்த வருடம் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறாள்.

யுத்தம் முற்றிய காலத்தில் வாவிக்கு அக்கரையிலிருந்த படுவான்கரைச் சனங்கள் வாவி கடந்து வந்து முகாம்களில் இருந்தார்கள். கூடாரத்து ஓரத்தில் முளைத்த கீரையைப் பிடுங்கித் தின்ன அந்தத் தாய்மார் வெட்கப்பட்டார்கள். அங்கேயும் மிஸ்ஸி முதல் வாய் உண்டார். யுத்தம் ஓய்ந்து அவர்கள் ஊர் திரும்பியபோது, வேலிகூட மிஞ்சாத வீட்டு வளவுகளுக்கு முருங்கைத் தடிகளைக் கட்டாகச் சுமந்துகொண்டு, வாவி கடக்கும் பாதைப் படகில் ஏறிப் போனார். சோதனைச் சாவடியில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்களாம். "மருந்து," என்றாராம். அந்த மரங்களின் இலைதான் இன்று என் கடை வாசலில் விற்கிறது.

எட்டாம் நாள் படையலுக்கு இறந்தவர் விரும்பி உண்டதைச் சமைத்துப் படைப்பது எங்கள் முறை. தவமணி கூனிச் சுண்டல் செய்து எடுத்துவந்தாள். அங்கே போனால், வந்த பெண்கள் எல்லாரிடமும் மீன் சட்டி. மணலை மீன் ஆணம், இறால் பொரியல், படுவான்கரையிலிருந்து வந்தவர்களிடம் கெளிற்று மீன்.

சரசு திகைத்துப்போய் நின்றார். "இதென்ன, எல்லாரும் மீனக் கொண்டுவந்திரிக்கிறீங்க?"

"அவட விருப்பக் கறிதானே அக்கா," என்றாள் தவமணி.

"அத்தான் போன பொறகு இந்த வீட்டு அடுப்புல மீன் சட்டி ஏறினதே இல்ல. பக்கத்து வீட்டுல பொரிச்சாலே ஓங்காளிப்பா. நெடுகலும் வேலையால வந்து கிணத்தடியில திண்டதெல்லாம் சத்தியெடுப்பா. என்னக்கா எண்டு கேட்டா, ஒண்டுமில்ல, வெயில் எண்டுவா."

தவமணி கையிலிருந்த சட்டியை ஓரமாக வைத்தாள். அந்த ஒரு செம்புத் தண்ணீர் என் கண்முன் வந்தது. அவரை இத்தனை காலம் கண்டும் நான் அறியவில்லை. இப்படியும் ஒரு மனுசி இருக்க முடியுமா?

சரசு சோறும் பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும் மட்டும் வைத்துப் படைத்தார். மீன் சட்டிகள் ஓரமாக இருந்தன. படையல் முடிந்து பந்தி இருந்தபோது அவற்றைத் தொட ஒருவருக்கும் கை வரவில்லை. தவமணி எழுந்துபோய்க் கூனியை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டாள்.

"முதல் வாய் நான் திங்கிறன்," என்றாள். வெகுநேரம் மென்றாள். "உப்புக் காணாது," என்றாள் அழுகையோடு. பிறகுதான் மற்றவர்களும் கை நீட்டினார்கள்.

மிஸ்ஸி, இனி நீங்கள் யாருக்காகவும் முதல் வாய் உண்ண வேண்டியதில்லை. உங்கள் இலையில் மீன் இல்லை. ஆறுதலாகச் சாப்பிடுங்கள்.