முன்சிஃபின் வலது கை

மஹ்தியா என்ற கடலோர ஊரில் ஆண்களில் யார் செத்தாலும் ஷெத்லியைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது வருடமாக மய்யித்தை, அதாவது செத்தவர் உடலை, குளிப்பாட்டுகிற மனிதர். பெண்களென்றால் அவர் மனைவி மஹ்பூபா. கற்பூரமும் உடலைச் சுற்றுகிற கஃபன் துணியும் அவர்கள் வீட்டு அலமாரியில் எப்போதும் தயாராக இருக்கும். இருவருமே நல்ல மனிதர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவர்கள் செய்ததைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வரலாம்.

மய்யித்தின் வலது கைச் சுட்டுவிரல் நீண்டிருந்தால், கடைசி மூச்சில் அந்த ஆள் 'இறைவன் ஒருவனே' என்ற கலிமாவோடு போயிருக்கிறார், அவருக்குச் சொர்க்கம் நிச்சயம். இந்த ஊருக்கு அதில் சந்தேகமே கிடையாது. கஃபனை முடிச்சுப் போடுவதற்கு முன்னால் வீட்டாரை உள்ளே விடுவார்கள். எல்லோரும் முகத்தைப் பார்ப்பதுபோல் கையைத்தான் பார்ப்பார்கள்.

ஷெத்லி தொழிலுக்கு வந்த புதிதில் கடலில் மூழ்கிப்போன ஒரு வாலிபனைக் குளிப்பாட்டினார். அவன் தாய் கதவைப் பிடித்துக்கொண்டு, "அடையாளம் ஏதாவது தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று உண்மையைச் சொன்னார். அந்தத் தாய் அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட இருக்கவில்லை. பாவம், அவள் முகம் இவரைத் தூங்கவிடவில்லை. அடுத்த மய்யித்து வந்தபோது, கை விறைப்பதற்கு முன்பே மற்ற விரல்களை மடக்கி, சுட்டுவிரலை மட்டும் நீட்டி, துணிப்பட்டையால் சுற்றி வைத்தார். கஃபன் போடும்போது பட்டையை அவிழ்த்தார். விரல் நின்றது. வீட்டார் அழுதுகொண்டே சிரித்தார்கள். அன்று பிடித்த பழக்கம்தான். மஹ்பூபாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். கந்துவட்டிக்காரன், பெண்டாட்டியை அடித்தவன், பள்ளிவாசல் பக்கமே எட்டிப்பார்க்காதவன் என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. அத்தனை பேரையும் சொர்க்கத்துக்கு ஏற்றி அனுப்பினார் ஷெத்லி.

அவர்கள் இருவரைத் தவிர இந்தக் குட்டு ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் முன்சிஃப். உயர்நிலைப் பள்ளியில் தத்துவம் நடத்தியவர், ஷெத்லியின் சின்ன வயதுச் சிநேகிதர். கடவுளும் கிடையாது, மறுமையும் கிடையாது என்பார். யார் கேட்டாலும் மறைக்கமாட்டார், கேட்காதவனிடம் போய்ச் சொல்லவும் மாட்டார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய மாமனார் ஹம்தா செத்தபோது, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் முன்சிஃப்தான் கூட நின்றார். பட்டை சுற்றுவதைப் பார்த்தார். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்து ஷெத்லி காபிக்கடைக்கு வந்தால் முன்சிஃப் சீட்டைக் கலைத்துவைத்துக் காத்திருப்பார்.

"தொழுதாச்சா? எனக்கும் சேர்த்து ஏதாவது கேட்டியாடா?"

"உனக்குக் கேட்டா என்னையும் சேர்த்து வெளியே தள்ளிடுவாங்க."

சிரிப்புத்தான். ஆனால் ஷெத்லிக்கு உள்ளுக்குள் பயம்தான். நரகம் இருக்கிறது என்று சத்தியமாக நம்புகிறவர் அவர். ஒருநாள் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டேவிட்டார்.

"டேய், நான் அங்க மேல போய் யாரோட சீட்டாடுறது? ஒரே ஒரு தடவை கலிமாவை வாயால சொல்லித் தொலையேன். உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"மனசுல இல்லாததை வாயால சொன்னா உன் ஆளு ஏமாந்துடுவானா? அவ்வளவு லேசாவா எடை போட்டிருக்க அவனை?" என்றார் முன்சிஃப். பிறகு ஷெத்லியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "விடுடா. என்னை ரொம்பத் தேடுச்சுன்னா ஒரு நாள் லீவு போட்டுட்டுக் கீழ இறங்கி வா. நான் சீட்டுக்கட்டோட இருப்பேன்."

நுரையீரலில் புற்று வந்தது. ஆறே மாதத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். அவர் மனைவி வஸீலா ஐந்து வேளையும் விடாமல் தொழுகிறவள். கஞ்சி ஊட்டிக்கொண்டே காதருகில் கலிமா சொல்லுவாள். அவர் அவளுடைய கன்னத்தைத் தடவிக்கொடுப்பார், திருப்பிச் சொல்லமாட்டார். கடைசி வாரம் அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு ஷெத்லியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஹம்தா மாமாவுக்குப் பண்ணினியே, அதை எனக்குப் பண்ணாத."

"எதைச் சொல்ற?"

"நடிக்காதடா. இந்தக் கையால முப்பது வருஷம் போர்டுல எனக்குச் சரின்னு பட்டதைத்தான் எழுதினேன். செத்த பிறகு அதை வெச்சே என்னைப் பொய் சொல்ல வைக்காத."

"சரிடா. அல்லாஹ் மேல ஆணை."

"அவன் மேல வேணாம். உன் காபி மேல சத்தியம் பண்ணு. அதுதான் எனக்கு நம்பிக்கை."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ரொட்டிக்காரன் வந்துபோன நேரத்தில் முன்சிஃப் போய்ச் சேர்ந்தார்.

ஷெத்லி வெந்நீர் ஊற்றினார். தலையைத் தேய்த்தார், காதைத் துடைத்தார். வலது கைக்கு வந்தபோது, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவருடைய விரல்கள் அந்த விரல்களை மடக்க ஆரம்பித்துவிட்டன. நாற்பது வருடப் பழக்கம் ஆயிற்றே! பாதியில் நிறுத்தினார். மடக்கிவிட்டால் ஊர் வாய் மூடிவிடும், வஸீலாவும் பிழைத்துக்கொள்வாள். மேலே இருக்கிறவன்கூட, யார் கண்டது, பார்த்துவிட்டு ஏமாந்துபோகலாமே என்று நினைத்தார். நினைத்ததற்கு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு விரலாக விரித்துவைத்தார். "இப்பத் திருப்திதானேடா?" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

வஸீலா உள்ளே வந்தாள். நேரே கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் தட்டையாகக் கிடந்தன.

"என்னண்ணே இது?" என்றாள். "எங்கப்பா குடிச்சுக் குடிச்சே செத்தாரு. அவருக்கு விரல் நின்னுச்சு. எதிர்வீட்டு வட்டிக்காரன், அந்தப் பாவிக்குக்கூட நின்னுச்சு. இவரு யாரு குடியைக் கெடுத்தாரு? எத்தனை ஏழைப் பிள்ளைங்களுக்குச் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்தாரு! இவருக்கு மட்டும் இல்லையா? ஊரே அங்க இருக்கும், என் புருஷன் மட்டும் தனியா நெருப்புல கிடப்பாரா?"

ஷெத்லிக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. இதை அவர் யோசிக்கவே இல்லை. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் விரலைத் தூக்கிவைத்துவிட்டு, ஒரே ஒருவரைச் சும்மா விட்டால், அந்த ஒருவருக்கு என்ன பெயர்? நரகத்துக்குச் சீட்டெழுதி அனுப்பியதுபோல்தானே? சிநேகிதருக்குச் செய்த ஒரே ஒரு நேர்மை, முன்பு செய்த பொய்களோடு சேர்ந்து அந்தச் சிநேகிதரின் கழுத்தையே பிடித்துவிட்டது.

"வஸீலா, அதெல்லாம் நான் பண்ணினதும்மா," என்றார். "யார் விரலும் தானா நிக்கலை. துணியைச் சுத்தி நான்தான் நிறுத்தினேன்."

அவள் அந்தக் கையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"எங்கப்பா?"

"அவருக்கும்தான்."

"அப்ப எங்கப்பாவையும் எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஷெத்லிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஒருத்தராவது பத்திரமா இருக்காருன்னு நெனச்சிருந்தேன். இப்ப எனக்குன்னு அங்க யாருமே இல்லையா? இவருக்குத் தெரியுமா இது?"

"அன்னிக்குத் தண்ணி ஊத்தினதே அவன்தான்."

வஸீலா மய்யித்தின் பக்கம் திரும்பினாள்.

"பெருநாளுக்குப் பெருநாள், 'எங்கப்பா சொர்க்கத்துல இருக்காரு, இல்லங்க?'ன்னு கேப்பேன். 'ஆமாம்மா, இருக்காரு'ன்னு சொல்லுவாரு. நாக்குல பொய்யே வராத மனுஷன். சொர்க்கம்னு ஒண்ணு இருக்குன்னே நம்பாத மனுஷன். எனக்காக இருபத்திரண்டு வருஷம் அதை மட்டும் சொல்லியிருக்காரு."

அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையை ஷெத்லி நின்று பார்த்தார். கடைசியில் அவளே கையைத் துணிக்குள் வைத்து மூடினாள். அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகைக்கு ஒரு வரிசைகூட நிறையவில்லை. முன்சிஃபுக்கு விரல் நிற்கவில்லை என்ற பேச்சு அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

நாற்பதாம் நாள் மத்தியானம் வஸீலா கோதுமை ரவையில் கூஸ்கூஸ் சமைத்து ஷெத்லி வீட்டுக்கு எடுத்துவந்தாள். தட்டை வைத்துவிட்டு உட்காரவில்லை.

"அக்கா, நாளைக்கு நான் போனா நீங்கதானே குளிப்பாட்டணும்," என்றாள் மஹ்பூபாவிடம்.

"என்ன பேச்சு இது? வாயைக் கழுவு."

"கேளுங்கக்கா. என் விரலைத் தொடாதீங்க. அவரு கை எப்படிக் கிடந்துச்சோ அப்படியே என் கையும் கிடக்கட்டும். தப்பித் தவறி மத்த விரலெல்லாம் தானா மடங்கிச் சுட்டுவிரல் நின்னாலும் விரிச்சுவிட்டுடுங்க."

ஷெத்லிக்குப் பொறுக்கவில்லை. "நீ தொழுகிற பொண்ணும்மா. உன்னை ஏன் நீயே…"

"தொழுறேன். சாகிறவரைக்கும் தொழுவேன். நம்பாமல்லாம் இல்ல. நெருப்பு இருக்குன்னு எனக்கும் தெரியும், பயமும் இருக்கு. ஆனா எங்க போறேன்னு என்னைக் கேட்டா, அவரு இருக்கிற இடத்தைத்தான் காட்டுவேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு ஒரு நாள் தனியாச் சாப்பிட்டதில்ல அண்ணே."

மஹ்பூபா தலையாட்டினாள். ஷெத்லி தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கீழே இறங்கி வா என்று முன்சிஃப் கூப்பிட்டது இவரைத்தான். அந்த ஒரு நாளுக்குக்கூட இவருக்குத் துணிச்சல் வந்ததில்லை. வஸீலா லீவெல்லாம் கேட்கவில்லை.