பார்த்துக் கையெழுத்திட்ட பாடக்குறிப்பு

அவள் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஜூன் மாதமே எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது. மனவருத்தம், ஆதங்கம் என்றெல்லாம் நாசூக்காக எழுதலாம்; எழுதினால் பொய். நேரில் ‘வாங்க டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் எப்போதும் ‘அவள்’தான். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற மலைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு டீச்சர். அந்த இரண்டு பேரில் நான் தலைமை ஆசிரியை. பிள்ளைகளில் பாதிப் பேர் சொந்தத் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் பக்கத்து எஸ்டேட்டின் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அப்பாவோ அம்மாவோ எஸ்டேட் வேலையில் இருக்கிற வரைக்கும்தான் அந்த வீடு அவர்களுக்கு.

பாடக்குறிப்பு எழுதுவதில் இந்த மலையில் எனக்கு ஒரு பேர் உண்டு. அடுத்த வாரம் எந்த வகுப்புக்கு என்ன பாடம், எதைச் சொல்லித் தொடங்குவது, எந்தப் பொருளைக் கையில் எடுத்துக் காட்டுவது, கடைசியில் என்ன கேட்பது என்று ஒவ்வொரு டீச்சரும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க அதற்கே போய்விடும். அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புகளைக் கறுப்பு மையிலும் மற்றதை நீலத்திலும் எழுதுவேன். என் நோட்டை வாங்கிப் போய்ப் பார்த்து எழுதாத டீச்சர்கள் இங்கே குறைவு. சுற்று வட்டாரப் பள்ளிகளின் கூட்டத்தில் மாதிரிப் பாடம் நடத்த வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அவள் சேலத்தில் பஸ் ஏறும்போது போனை எடுப்பாள். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து ஏற்காட்டில் இறங்குவதற்குள் ஒரு வாரப் பாடக்குறிப்பு தயாராக இருக்கும். எனக்கோ இன்றைக்கும் அந்த வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்தால்தான் உண்டு.

“ஏ.ஐ. கிட்டக் கேட்டா எல்லாஞ் சொல்லுதுங்க டீச்சர்” என்று ஜீப்பில் என் பக்கம் போனைத் திருப்பினாள். “ஒரே ரூமுல மூணாவது, நாலாவது, அஞ்சாவது மூணும் உக்காந்திருக்குதுன்னு சொன்னாப் போதுங்க. மூணுக்கும் தனித்தனியா வேலை பிரிச்சுக் குடுத்துருது.”

“அப்படீங்களா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குப்பையாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நன்றாக இருந்தது. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற இரண்டு வகுப்பும் கூச்சல் போடாமல் வேலை செய்தன. இத்தனை வருடத்தில் எனக்குக் கைவராத காரியம் அது. குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே அவளுடைய தாள்களை வரி வரியாகப் படிப்பேன். ஒரு முறை, எங்கள் ஊர்க் காட்டைப் பற்றிய கதையில் நரி பனிக்கட்டியில் சறுக்கி விளையாடியது. பிடித்துக்கொண்டேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அடித்து எழுதி, நரியைச் சேற்றில் வழுக்க விட்டாள். பிள்ளைகளுக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்துப்போனது.

ஏரிப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருக்கிற பெங்களூர் அம்மா ஒருவர், மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு வருடமாக என்னிடம்தான் நோட்டு வாங்கிப் போவார். ஆகஸ்ட்டில் ஒரு நாள் பஜாரில் நிறுத்தி, “உங்க புது டீச்சர் சொன்ன மாதிரி ஏ.ஐ.கிட்ட கேட்டேன். பாப்பாவுக்கு ஒரு மாசத்துப் பாடமும் வந்துடுச்சு” என்று சொல்லி என் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அட்டையெல்லாம் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு வாங்க வந்த காய்கறியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்து, காபிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிட வந்தார். அவள் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, “வர்ற வெள்ளிக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சருங்க எல்லாம் இங்க வரட்டும். மாதிரிப் பாடம் இவங்க நடத்தட்டும்” என்றார். என்னிடம் திரும்பி, “நீங்க டீ, பிஸ்கட் மட்டும் பாத்துக்குங்க” என்றார். நான் சிரித்துத் தலையாட்டினேன். அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை அவள் பாடக்குறிப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். தலைமை ஆசிரியை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் வகுப்புக் கணக்கில் எடை பற்றிய பாடம். நான்காவது வரியில் என் கண் நின்றது. ஏற்காடு காபி விளையும் பகுதி என்பதால், ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி காபிக்கொட்டை கொண்டுவரட்டும். தராசில் நிறுத்து யாருடையது அதிகம் என்று ஒப்பிடலாம் என்று இருந்தது.

இங்கே இருக்கிற யாரும் அப்படி ஒரு வரியை எழுத மாட்டார்கள். பறிப்புக் காலத்தில் எஸ்டேட் கேட்டில் கூலிப் பெண்களின் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். லைன் வீட்டில் ஒரு கைப்பிடி காபிக்கொட்டை இருந்தால், அது திருட்டு என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. சேலத்திலிருந்து வருகிற அவளுக்கு அது தெரியாது. அவள் போனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

“சரியா இருக்குதுங்களா டீச்சர்? நீங்க சொன்னா மாத்திப் போடறனுங்க” என்றாள்.

“நல்லா இருக்குதுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தேதி எழுதி, முத்திரையும் வைத்தேன்.

என் கணக்கு இதுதான். லைன் வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்பார்கள், அம்மாக்கள் அதட்டி அடக்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பாதி வகுப்பு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். வந்திருக்கிற டீச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவு போதும் எனக்கு. ஒரு பிள்ளை போய் எடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் தடுத்திருப்பேனா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல ஆசை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, விருந்தாளிகள் வருவதற்கு முன்பே, மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று அழுது வீங்கின முகத்தோடு வந்தது. கையைப் பிடித்து இழுத்துவந்தவர் அதன் அம்மா. பிள்ளை காலையில் காபிக்கொட்டை காயப் போட்டிருக்கிற களத்துப் பக்கம் போய் ஒரு கைப்பிடி அள்ளிப் பென்சில் டப்பாவில் போட்டிருக்கிறது. கேட்டில் பிடிபட்டுவிட்டது.

“புள்ளய வெச்சுத் திருடறியான்னு கேக்கறாங்க டீச்சர். இன்னைல இருந்து வேலை இல்லையாமா. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணணுமாமா” என்று அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “ஊட்டுல இருந்து தானுங்க கொண்டாரச் சொன்னேன்” என்றாள்.

“எங்கூட்டுல ஏதுங்க காபிக்கொட்டை? கடையில வாங்குன தூளுதானுங்க இருக்குது.”

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பாடக்குறிப்புத் தாளை எடுத்துக்கொண்டேன். “நீங்க வர்றவங்களப் பாருங்க, நான் போய்ட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்கு நடந்தேன். வழியெல்லாம் நான் நல்லவளாகவே இருந்தேன். தாளைக் காட்டினால் முடிந்துவிடும், பேச்சு வந்தால் அவள் தெரியாமல் செய்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எஸ்டேட் ரைட்டர்தான் அங்கே ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர் கையில். தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். கீழே வந்ததும் என் கையெழுத்தில் விரலை வைத்தார்.

“நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே டீச்சரம்மா.”

“ஆமாங்க. அந்த வரியக் கவனிக்கலீங்க.”

அவர் சிரித்தார். “அந்தப் பொண்ணு புதுசு, தெரியாது. நாஞ் சரிங்கறேன். நீங்க இருவது வருசத்துக்கு மேல இங்க இருக்கறவங்க. இதப் பாத்துட்டுச் சும்மா உட்டீங்கன்னா எவனாச்சும் நம்புவானுங்களா? இவளக் காப்பாத்தோணும்னு இன்னைக்குக் காலைல எழுதி, முந்தாநாத்துத் தேதி போட்டுக் கொண்டாந்திருக்கீங்க. உங்க மேல மரியாதை இருக்குதுங்க. அதுக்காகத் திருட்ட உட முடியாது.”

தாளை என் பக்கம் தள்ளினார். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழி ஏதாவது இருந்திருந்தால் அதைத்தான் பிடித்திருப்பேன்.

“கவனிச்சேனுங்க” என்றேன். “புதன்கிழமையே பாத்தேன். லைன் வீட்டுப் புள்ளைக கொண்டுவர முடியாதுன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்.”

“ஏனுங்க?”

“அந்தப் பொண்ணு பேரு வாங்கிருவான்னு பொறாமைங்க. அவ பாடம் கெட்டுப் போகட்டும்னு இருந்தேன்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரைட்டர் தாளைத் திரும்ப இழுத்து என் கையெழுத்தை இன்னொரு முறை பார்த்தார். இட்டுக்கட்டுகிறவர்கள் இப்படி ஒன்றை இட்டுக்கட்ட மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, “போம்மா, பழம் எடுக்கப் போ. ஊட்டயெல்லாம் காலி பண்ண வேண்டாம்” என்று அந்த அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

கூடைகள் அடுக்கி வைத்திருக்கிற இடம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம். “மன்னிச்சுக்கம்மா” என்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார்.

“போச்சாதுங்க டீச்சர், உடுங்க. புள்ளயப் போட்டு அடிச்சுப் போட்டனுங்க, அதுதான் மனசு கேக்க மாட்டீங்குது” என்றார். “டீச்சருன்னா அதுக்கு உசுருங்க. வெறுங்கையோட போனா டீச்சர் மொகம் வாடிப் போயிரும்னுதான் எடுத்துச்சாமா.”

“எந்த டீச்சர்?” என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு கூடையை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் இறங்கிப் போனார்.