அம்மா திருப்பிக் கொடுத்த துப்பாக்கி

எங்கள் அம்மா தென்காசிப் பக்கம் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் போனதில்லை. கொத்தனாரான அப்பாவோடு திருவனந்தபுரம் வந்து சாந்துச்சட்டி சுமந்தார்கள். இருவர் கூலியும் சேர்ந்து மலையடிவார ஊரான வித்துராவுக்கு மேலே ஒரு துண்டு நிலமானது; பறம்பு என்பார்கள் அங்கே. மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கு நட்டார்கள். அதைக் கிளறும் காட்டுப்பன்றிக்காக அப்பா உரிமம் பெற்று ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கினார்கள்.

அப்பா மறைந்ததும் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போனது. மகன் வளர்ந்ததும் அவன் பெயருக்கு மாற்றலாம் என்றார்கள் உறவினர்கள். அம்மா தம் பெயருக்கே கேட்டார்கள். அலுவலகத்தில் சிரித்தார்களாம். அம்மா சுடப் பழகி, சான்று வாங்கிக்கொண்டு மறுபடி போய் நின்றார்கள். அதன்பின் யார் தோட்டத்தில் பன்றி இறங்கினாலும், பஞ்சாயத்து அனுமதியோடு அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். தம் அண்ணன்மார் வீட்டில் போய் ஒண்டாமல், தனியாக நின்று என்னையும் தங்கையையும் வளர்த்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நாட்டு விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்திய பெண்களைப் பற்றிக் கல்லூரியில் படித்துவிட்டு, நீங்களும் அந்த வரிசைதான் என்றேன்.

“அவங்க வெள்ளக்காரன வெரட்டுனாங்க, நான் பன்னிய வெரட்டுதேன். ரெண்டும் கேக்காம பறம்புக்குள்ள வந்ததுதானடே?” என்றார்கள்.

தங்கைக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தயங்கினார்கள். “நாளைக்கு எம்மவன் ஒரு வார்த்த சொல்லிட்டா, தோக்கத் தூக்கிட்டு வந்துர மாட்டியளே?”

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. தங்கை வேண்டாமென்று அழுதும் கேட்காமல், கல்யாணத்துக்கு முன்பே துப்பாக்கியையும் உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டார்கள்.

அடுத்த மழைக்கே பன்றிகள் மரச்சீனியை அழித்தன. வேறு துப்பாக்கிக்காரருக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்து சலித்து, நிலத்தை விற்றுவிட்டுத் திருவனந்தபுரம் தம்பானூரில் என் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். கடைக்குப் போகக்கூட என்னிடம் கேட்டுவிட்டுப் போகும் அம்மாவை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியதும் துணி மாற்றியதும் அதே சம்பந்தியம்மாதான். ஒரு மாலை அவர்களாகவே கேட்டார்கள்: “மதினி, தோக்க எப்பிடிப் பிடிப்பிய?”

அம்மா அவர்களை அருகே குனியச் சொல்லி, கட்டிலில் கிடந்த குடையை எடுத்து அவர்கள் தோளில் பதித்து, கன்னத்தை அதில் ஒட்டவைத்தார்கள்.

“சுட்டதும் தோள்ல இடிக்கும், கேட்டோ. பயந்து வெலகிராதிய.”

அம்மாவின் நினைவாக எழுதும் இந்தக் குறிப்பில், மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், வித்துராவிலிருந்து பஸ் ஏறி வந்து அம்மாவைப் பார்த்த அண்டைவீட்டாருக்கும் எங்கள் நன்றி. சம்பந்தியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் அவர்களிடமே கேட்டேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று தாம் கேட்டிருக்க வேண்டும், அதை மட்டும் எழுது என்றார்கள். எழுதிவிட்டேன்.