நாலாம் நிமிஷம், பதினோராம் நொடி

"ஏலே, என்னைய வெட்டுனியா இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

"வெட்டலைங்க பெரியம்மா! மேகம் இறங்கி மறைச்சிருச்சு. நான் என்ன செய்ய?"

"மேகம் என்னைய மட்டும் மறைச்சுச்சோ? சம்பந்தியம்மா பட்டுச்சேலை பளபளன்னு தெரியுதே, அங்கிட்டுப் போக மேகத்துக்குப் பயமோ?"

இது கட்டுக்கதை இல்லை. கலைமணியின் வீடியோ கடைக்கும் என் கம்பளிக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் நான் காதை வைத்துத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை அவன் வாயாலேயே மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்று முறையும் ஒரு எழுத்து மாறவில்லை.

சண்டைக்கு வந்தவர் கிளாவரைக் கிராமத்து ராக்கம்மா. கேரட் தோட்டத்தில் கூலி வேலை. தாயில்லாத அக்கா மகள் ஜெயப்பிரியாவை வளர்த்து, கொடைக்கானலில் ஒரு லாட்ஜ்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கல்யாணம். அட்சதை போட வந்த ராக்கம்மாவின் மேல் காப்பிக் கலர் ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. கலைமணியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ராக்கம்மா வரும் இடத்தை வெட்டவைத்தார். முதலில் எடுத்த பதிவையும் அழிக்கச் சொன்னார். இவனும் அழித்தான். நாலாம் நிமிஷம் பதினோராம் நொடியில் வெட்டிப் போட்ட ஒட்டு யார் கண்ணுக்கும் தெரியாது. அதில் அவனுக்குப் பெருமை வேறு.

"செத்தா மாலை போட எனக்கு ஒரு போட்டோ கெடையாதுலே. ஆதார் கார்டுல இருக்கறது எவ மூஞ்சியோ! வெட்டுனதைக் குடு."

"இல்லைங்க பெரியம்மா."

ராக்கம்மா கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்தாராம்.

"சரி. நானே தேடி எடுத்துக்கிறேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

பதினோரு நாள் கழிந்தது. திங்கட்கிழமை. மதியம்தான் நான் பின்னி முடித்த சிவப்புக் குல்லாவைக் கலைமணிக்குக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தான். மணி 2:50. வெளியே மேகம் இறங்கி, பட்டப்பகலில் கடைகளில் விளக்கு எரிந்தது.

கையில் ஒரு ரிசார்ட்டின் விளம்பரப் படம். சீன் மாறுகிற இடங்களைத் தானே கண்டுபிடிக்கும் வசதியை ஓடவிட்டான். வீடியோவில் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், அது 'இங்கே வெட்டு' என்று கோடு போடும். எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை நாமே நகர்த்தி வைக்கலாம். கீழே மதுரையில் ஐம்பது வைப்பார்களாம். நம் மலையில் ஐம்பது வைத்தால், மேகம் புகுந்தாலே அதை வெட்டு என்று நினைத்துக்கொள்ளும். அதனால் கலைமணிக்கு எப்போதும் இருபதுதான்.

நாற்பத்தொரு கோடுகள் விழுந்தன. நாற்பது சரி. ஒன்று மட்டும் தப்பு. ஆட்டாமல் அசைக்காமல் எடுத்த வெறும் புல்வெளி அது. வெட்டே இல்லாத இடம்.

நாலாம் நிமிஷம், பதினோராம் நொடி.

மேகமாக இருக்கும் என்று பத்துக்கு இறக்கினான். மற்ற கோடுகள் குறைந்தன. அது போகவில்லை. பூஜ்யத்துக்கு இறக்கினான். பூஜ்யத்தில் ஒரு கோடும் விழக்கூடாது.

விழுந்தது. அது ஒன்று மட்டும்.

ஓட்டிப் பார்த்தான். புல்வெளியில் மேகம். வெகு தூரத்தில் ஒரு காப்பிக் கலர் புள்ளி. தோட்டக்காரராக இருக்கும்...

மணி 3:08. வேறு படத்தைப் போட்டான். ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழா. பூஜ்யத்திலேயே வைத்து ஓடவிட்டான். ஒரு கோடு. அதே நொடி. பிள்ளைகள் ஓடும் மைதானத்தில் மேகம். காப்பிக் கலர் ஸ்வெட்டர் இப்போது கிட்டத்தில்...

மணி 3:19. பெரும்பாறையில் எடுத்த காதுகுத்து. மண்டபத்துக்குள் எடுத்தது. ஜன்னல்கூட சாத்தியிருந்தது. அதே நொடி.

மண்டபத்துக்குள் மேகம்.

முழங்கை ஓட்டை தெரிந்தது. உள்ளங்கையில் மஞ்சள் அரிசி.

ராக்கம்மா நிமிர்ந்தார்.

அவனைப் பார்த்தார்.

வாய் அசைந்தது. சத்தம் இல்லை...

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது.

சர்ர்ர்...

முதுகுக்குப் பின்னால், தரையில் அரிசி கொட்டும் சத்தம். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. 3:26.

ஒரே ஓட்டமாக என் கடைக்குள் வந்து விழுந்தான். "அக்கா... உள்ள ஆள் இருக்கு..." நான் போய்ப் பார்த்தேன். ஆளும் இல்லை, அரிசியும் இல்லை.

வியாழக்கிழமைதான் சேதி வந்தது. ராக்கம்மா சனிக்கிழமை வெள்ளனே காய்ச்சலில் போய்விட்டாராம். துக்கம் விசாரிக்கத் தனியாகப் போகப் பயந்தான். என்னைக் கூப்பிட்டான். கூப்பிடாவிட்டாலும் நான் போயிருப்பேன்.

கிளாவரை வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோ. ஜெயப்பிரியா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி உங்களை வீணா வைதுட்டுப் போச்சுண்ணே. நீங்க குடுத்த கல்யாணப் பென் டிரைவ்லயே இருந்துச்சு, நாலாம் நிமிஷத்துல. ஞாயித்துக்கிழமை அதுலருந்துதான் பிரிண்ட் போட்டோம்."

கலைமணி கையை உருவிக்கொண்டான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ராக்கம்மா மஞ்சள் அரிசியோடு சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் மேகம். மேகத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால், நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்.

தலையில் சிவப்புக் குல்லா.

என் கைப்பின்னல் எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை அந்தக் குல்லா பாதிதான் முடிந்திருந்தது. என் மடியில் கிடந்தது.

கலைமணி கடையை மூடிவிட்டு ஒட்டன்சத்திரத்தில் தக்காளி லாரி ஓட்டப் போய்விட்டான். அந்த இடத்தில் இப்போது சாக்லேட் கடை. வெட்டச் சொன்னது யார் என்று தெரிந்த பிறகு ஜெயப்பிரியா லாட்ஜ்காரர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. கிளாவரையில் கேரட் பிடுங்குகிறாள். மாமியார் திண்டுக்கல்லில் மகளோடு போய் இருக்கிறார். அந்த மகள் வீட்டில் டிவியைக் கழற்றிவிட்டார்களாம்.

கலைமணிக்குப் பேசி வைத்திருந்த ரோகிணியைத் தை மாதம் பழனியில் ஒரு பூக்கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வீடியோ எடுத்தவர் மதுரைக்காரர். வீடு கூடி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், நாலாம் நிமிஷம் வரைக்கும். அதற்கு மேல் என்ன என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நானும் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.