பெண் பார்த்த வீட்டில் பாக்டீரியா

கெங்கம்மாள் மலையிலிருந்து இறங்கிப் போய்ப் படித்து, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்த்துக்கொண்டிருந்தாள். சாமை விதைக்கிற அவள் அப்பா கோபால்சாமிக்கு அதை ஊரில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. 'எம் பொண்ணு கிருமி வளக்குது' என்றால் கேட்டவர்கள் தள்ளி நின்றார்கள். அதனால் 'மருந்து வேலை' என்று சொல்லிவந்தார்.

1988 பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அருணகிரி ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வாத்தியார். கூட அவன் அம்மா அம்மாக்கண்ணுவும், அண்ணி பாஞ்சாலையும்.

"இன்னா வேலைம்மா பண்ற?" என்றாள் அம்மாக்கண்ணு.

மருந்து என்று சொல்லி நிறுத்திக்கொள் என அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மலையில் அதுவரை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"மனுச ஒடம்புல ஊறுற புரதத்த பாக்டீரியாவ செய்ய வைக்கிறோங்க. அதுக்கான மரபணுவ உள்ள வெச்சிட்டா செய்யும். ஆனா ரொம்ப வேல வாங்குனா தாங்காது."

"தாங்காம இன்னா பண்ணும்?"

"சொந்த வேலைய வுட்டுட்டு அதையே செய்யணும்ல. வளர்றது நின்னுரும். சூட்டுல மாட்டுன மாதிரி தவிக்கும். செஞ்ச புரதம் சரியா மடங்காம உள்ளயே கட்டியா தேங்கிரும். சில நேரம் செஞ்சத அதுவே வெட்டிப் போட்டுரும்."

"வேற வூட்டு பாரத்த தலைல ஏத்துனா அப்டித்தான்" என்றாள் பாஞ்சாலை. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"உன்ன யாரு கேட்டா?" என்றாள் மாமியார்.

பாஞ்சாலை காதில் வாங்காமல், "அப்பால இன்னாதான் பண்ணுவீங்க?" என்று கெங்கம்மாளைக் கேட்டாள்.

"சூட்ட கொறைப்போங்க்கா. மெதுவா செய்ய வுடுவோம். அப்ப நல்லா வருது."

கோபால்சாமி இருமினார். மறுபடியும் இருமினார். அம்மாக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க வூட்டு சங்கதிய உனக்கு யாரு சொன்னது?"

"நான் பாக்டீரியாவத்தாங்க சொன்னேன்."

"எதச் சொன்னன்னு எனக்குத் தெரியும்."

எழுந்துவிட்டார்கள். வாயே திறக்காதிருந்த அருணகிரி வாசலில் நின்று, "எத்தினி டிகிரி கொறைப்பீங்க?" என்று கேட்டான்.

"முப்பத்தேழ முப்பதாக்குனோம்."

தலையாட்டிவிட்டு அம்மாவின் பின்னால் போனான்.

கெங்கம்மாள் வெட்கத்தில் சாப்பிடாமல் பேருந்து ஏறினாள். அடுத்த மாதமே பாஞ்சாலை தன் கணவனைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டாள். "அந்தக் கிருமிக்காரி எங்க வூட்ட ரெண்டாக்கிட்டா" என்று சந்தையில் நிற்பவர்களிடமெல்லாம் அம்மாக்கண்ணு சொன்னாள்.

பங்குனியில் ஏதோ பயிற்சிக்கென்று சென்னை வந்த அருணகிரி, விசாரித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்து நின்றான். அவள் இயந்திரத்தில் குலுங்கிக்கொண்டிருந்த பாக்டீரியாக் குடுவையைக் காட்டினாள். முதல் தடவை அந்த வாடையை முகர்ந்தவர்கள் வெளியே ஓடுவார்கள். அவன் கண்ணில் நீர் வர நின்று, கடைசிவரை பார்த்தான்.

வைகாசியில் கல்யாணம். அம்மாக்கண்ணு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். பாஞ்சாலை முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, ரசம் கேட்டு, மோர் கேட்டு, நிதானமாகச் சாப்பிட்டாள். பரிமாறியது அவள் கணவன்.